வலப்பக்கம் எட்டுக் கதிர்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. நகரத்தின் நட்டநடுவில், நாலு தெருக்கள் வந்து முட்டிக்கொள்ளும் முனையில் நிற்கும் அந்தப் பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் அவரை எல்லோரும் பாத்துக்கலாம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்குப் பாத்துக்கலாம் மாமா, பெரியவர்களுக்கு வெறும் பாத்துக்கலாம். குழாய் ஒழுகுகிறது என்றாலும், ஜன்னல் மூடமாட்டேன் என்கிறது என்றாலும், லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நின்றுவிட்டது என்றாலும், அவர் வாயில் முதலில் வரும் சொல் அது. சொல்லிவிட்டுப் போய்ச் செய்தும் விடுவார். அதனால் அந்தப் பெயரில் கேலி பாதி, மரியாதை பாதி.

கட்டடத்துக்கும் பட்டப்பெயர்தான். கப்பல். எண்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஜவுளி வியாபாரத்தில் நாலு காசு பார்த்த ஒருவர் முதன்முதலாகக் கப்பலேறி வெளிநாடு போனார். போகும் வழியெல்லாம் வாந்தி. ஆனால் திரும்பி வந்ததும், கட்டினால் கப்பல் மாதிரிதான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஆடாத கப்பலில் ஒரு நாளாவது நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையாக இருந்திருக்கும். மூலை என்பதே இல்லாமல் வளைந்து திரும்பும் சுவர்கள், மாடிப்படித் திருப்பங்களில் வட்ட ஜன்னல், பால்கனிக்கு மூன்று வரிசையில் கம்பி, தரையெல்லாம் பளிங்குச் சில்லு பதித்த மொசைக். நாலு மாடி, பதினாறு வீடு. இந்தப் பாணிக்கு ஆர்ட் டெக்கோ என்று பெயர் என்பது கட்டியவருக்குத் தெரியுமோ என்னவோ, இன்றைக்கு அதைச் சொல்லத் தெரியாத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டிய நெருக்கடி அப்படி வந்தது.

வாசலுக்கு மேலே பாதிச் சூரியன் ஒன்று உண்டு. நடுவில் அரைவட்டம், அதிலிருந்து இரண்டு பக்கமும் விசிறியாக விரியும் கதிர்கள். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், தனித்தனியாக வார்த்துச் சுவரில் பதித்தது. முதுகு தட்டை, முகம் உருண்டை. இந்தக் கதை முழுக்க அந்தக் கதிர்களைப் பற்றியதுதான். அதனால் வாசகர் இப்போதே ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்வது நல்லது.

பாத்துக்கலாம் அங்கே வந்தது இருபத்தைந்து வயதில், பிளம்பராக, ஒரே ஒரு வாஷ்பேசினைச் சரிசெய்ய. அதைக் கழற்றினால் பின்னால் இருந்த குழாய் உடைந்தது. குழாயைத் தொட்டால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஒரு மணி நேர வேலை ஒரு மாதமாயிற்று. அப்போதைய உரிமையாளர், ஜவுளிக்காரரின் மகன், இந்த ஆளை வெளியே விட்டால் கட்டடம் மூழ்கிவிடும் என்று பயந்து மொட்டைமாடி அறையைக் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார். தங்க இடம் கிடைத்ததும் பெண் கொடுக்கவும் ஆள் கிடைத்தது. அப்படி வந்தவர்தான் மாடியம்மா.

மாடியம்மாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எதையும் தூக்கிப் போடமாட்டார். உடைந்த வாளிக்குச் செடி, கிழிந்த குடைக்குக் காக்கை விரட்டும் உத்தியோகம், பல்லுப் போன சீப்புக்கு ஜன்னல் இடுக்கைச் சுத்தம் செய்யும் வேலை. ஓய்வு பெற்ற பொருள் என்று அந்த மாடியில் ஒன்றுமே கிடையாது. அறை வாசலில் இரண்டரை அடிக்கு இரண்டடியாக, வெள்ளையடித்த ஒரு தட்டை மேடை இருந்தது. அதன் மேல் நாலு பூந்தொட்டி. தினமும் காலையில் வெளியே வரும்போது அதன் ஓரத்தில் பாத்துக்கலாம் தன் இடது கால் சுண்டுவிரலை இடித்துக்கொள்வார். இந்தச் சனியனை எடுத்துத் தொலை என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறார். அது பாட்டுக்கு இருக்கிறது, நீங்கள் பார்த்து நடங்கள் என்று அந்த அம்மாளும் முப்பது வருஷமாகப் பதில் சொல்லி வருகிறார்.

கல்யாணமான இரண்டாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. உரிமையாளர் வெளியூரில் இருந்தார். மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் சூரியனின் வலப்பக்கம் மொத்தமும் ஒரு மத்தியானம் பொத்தென்று விழுந்தது. சுற்றுச்சுவர் வேலைக்காகக் கீழே கொட்டி வைத்திருந்த மணல் குவியலின் மேல் விழுந்ததால் ஆளுக்கு அடியில்லை. பாத்துக்கலாம் சிமெண்ட் வாங்கக் கடைக்கு ஓடினார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மணல் மட்டும் இருந்தது. காவலாளியைக் கேட்டார். எல்லாவற்றையும் அள்ளியாயிற்று என்றான். குப்பை லாரி கொண்டுபோய்விட்டது என்று இவர் முடிவு கட்டிக்கொண்டார். யார் அள்ளினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

உரிமையாளர் திரும்பி வர மூன்று நாள் இருந்தது. வார்ப்பு அச்சு கையில் இல்லை. அச்சு செய்யத் தெரிந்த கொத்தனாரும் இல்லை. குழாய்க்காரர் கண்ணில் பட்டதெல்லாம் குழாய்தான். மூன்று இஞ்ச் பிளாஸ்டிக் கழிவுக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சுவரில் கவிழ்த்து ஆணி அடித்து, மேலே சிமெண்ட் பூசினார். குழாயோடு பூச்சும் சேர்ந்ததில் ஒவ்வொரு கதிரும் பழசைவிட அரை விரல் தடிமனாகிவிட்டது. இடப்பக்கம் ஒன்பது கதிர். வலப்பக்கம் எட்டாவது கதிரிலேயே இடம் தீர்ந்துவிட்டது. ஒன்பதாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏணி உச்சியில் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, ஒன்று குறைந்தால் சூரியன் கோபித்துக்கொள்ளவா போகிறது என்று இறங்கிவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த எட்டையும் அவர் இழைத்த இழைப்பு சாதாரணமானதல்ல. எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து, பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்திருந்தார். எதிர்த் தெருவில் நின்று பார்த்தபோது அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. பிளம்பர் வேலையின் லட்சணம் அப்படி. நன்றாகச் செய்தால் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும், கெட்டால் ஊருக்கே தெரியும். வாழ்நாளில் அவர் செய்து, வெளியே தெரியும்படி நின்ற வேலை அது ஒன்றுதான். உரிமையாளர் வந்து, அண்ணாந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். எண்ணவில்லை. அடுத்த இருபத்து நாலு வருஷம் வேறு யாரும் எண்ணவில்லை.

எண்ணினது பேராசிரியை. கட்டடக் கலை சொல்லிக் கொடுக்கும் கல்லூரியிலிருந்து ஒரு துணிப்பையும் அளவு நாடாவுமாக வந்து, மூன்று மாதம் கப்பலின் ஒவ்வொரு வளைவையும் தடவிப் பார்த்து எழுதினார். பாத்துக்கலாம்தான் ஏணி பிடித்தார். ஒரு நாள் அந்த அம்மா ஏணி மேலிருந்து, இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் எட்டு, இதை நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பாத்துக்கலாம் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வழக்கமான ஒரு சொல்லைச் சொல்லிச் சமாளித்தார்.

புத்தகம் வந்தது. அதில் நாற்பது பக்கம் அந்த ஒரு கதிருக்கு. வலப்பக்கம் மேற்கு. மறையும் திசையில் ஒரு கதிரைக் குறைத்து, பொழுது சாய்வதைச் சுவரில் எழுதிவிட்டார் பெயர் தெரியாத அந்தக் காலத்துக் கலைஞர் என்று வாதம். படிக்கிறவருக்குக் கண்ணில் நீர் வரும். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவும் கையுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் நின்று எண்ணுவார்கள், ஆகா என்பார்கள். பாத்துக்கலாமுக்கு அந்த நேரத்தில் வாசலில் ஏதாவது துடைக்க வேண்டிய வேலை வந்துவிடும். பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஊமை கண்ட கனவு மாதிரி, யாரிடமும் சொல்ல முடியாத பெருமை.

இப்படியே போயிருக்கலாம். உரிமையாளர் காலமான பிறகு அவருடைய வாரிசுகள் ஒரு கட்டுமான நிறுவனத்தோடு கைகுலுக்கினார்கள். கப்பலை இடித்துவிட்டு முப்பது மாடிக்குக் கண்ணாடிக் கோபுரம். குடியிருப்பவர்கள் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். இரண்டாவது மாடியில் வீடும் மருத்துவமனையும் ஒன்றாக வைத்திருந்த பல் டாக்டர் எல்லோரையும் கூட்டினார். பாரம்பரியக் கட்டடம் என்று அரசுக் குழு பட்டியலில் ஏற்றிவிட்டால் யாராலும் செங்கல்லைக்கூட அசைக்க முடியாது. மனு போட்டார்கள். மனுவுக்கு உயிர்நாடி பேராசிரியையின் புத்தகம். மற்றவர்களுக்குப் போனால் வீடு போகும். பாத்துக்கலாமுக்கு வீடு, வேலை, பெயர் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன.

நிறுவனம் சும்மா இருக்குமா? முகப்பு அலங்காரம் கட்டிய காலத்ததுதான் என்று நிரூபிக்கட்டும், சூரியனைத் துளைத்துச் சோதிக்கட்டும் என்று கேட்டது. குழு ஒத்துக்கொண்டது. அடுத்த புதன்கிழமை, காலை பத்து மணி.

செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம் பல் டாக்டரிடம் போனார். உட்கார வேறு இடமில்லாமல் நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு குழாய், கரண்டி, ஒன்பதாவது துண்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வாழ்நாள் பூராவும் ஊரையே வாயைத் திற, இன்னும் கொஞ்சம் திற என்று சொன்ன மனுஷன், கடைசியில் இப்படிச் சொன்னார்:

“நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. அவங்க இடது பக்கம் துளை போட்டா தப்பிச்சோம்.”

பாத்துக்கலாம் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் செய்கிறவர். அன்றைக்கு முழுக்க மாடியம்மாவிடம்கூடத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும் என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

புதன்கிழமை வாசலில் கல்யாணக் கூட்டம். குழுவின் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும், நிறுவனத்தின் வக்கீல், சின்னத் துளைக்கருவியோடு ஒரு பொறியாளர், பதினாறு வீட்டுச் சனம். பேராசிரியை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பொறியாளர் சாரத்தில் ஏறி முதலில் இடது பக்கம் துளைத்தார். கண்ணாடிக் குப்பியில் தூளைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, பழைய கலவைதான் என்றார். பல் டாக்டர் மூச்சு விட்டது தெருமுனைக்குக் கேட்டிருக்கும். பொறியாளர் இறங்கவில்லை. சாரத்திலேயே நடந்து வலது பக்கம் போனார்.

அந்த நேரத்தில் பேராசிரியை கூட்டத்தில் பாத்துக்கலாமைத் தேடிப் பிடித்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது என்று சொல்லும் சிரிப்பு. புத்தகத்தின் முன்னுரையில் ஏணி பிடித்தவருக்கு நன்றி என்று எழுதிய அம்மா அது. துளைக்குள் பிளாஸ்டிக் வந்தால் முதலில் தலைகுனிவது அந்த அம்மாதான். தெரிந்தே பொய் எழுதினாள் என்பார்கள். கருவி சுவரைத் தொடப் போனது. பாத்துக்கலாமால் முடியவில்லை.

“சார், கொஞ்சம் நிறுத்துங்க. அதுக்குள்ள மூணு இஞ்ச் பிளாஸ்டிக் பைப் இருக்கு. முப்பது வருஷத்துக்கு முந்தி நான்தான் வச்சேன். இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

நுணலும் தன் வாயால் கெடும் என்று பல் டாக்டர் முணுமுணுத்தார். வக்கீல் பேனாவைத் திறந்து, சொன்னதை இன்னொரு தரம் நிதானமாகச் சொல்லச் சொன்னார். பாத்துக்கலாம் நிதானமாகச் சொன்னார். பேராசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்போ அந்த எட்டு?”

“பைப் கொஞ்சம் தடிமன், மேடம். ஒம்பதாவதுக்கு இடம் பத்தல.”

பேராசிரியை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது பக்கம் பொழுது சாய்ந்ததை முகத்திலேயே பார்க்க முடிந்தது. குழுத் தலைவர் நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். முகப்பில் பாதி பிற்காலத்தது, பழசு கைவசம் இல்லை என்றால் பட்டியலில் ஏற்ற வழியில்லை. சொல்லிவிட்டுக் கோப்பைக் கட்ட ஆரம்பித்தார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாடியம்மா கேட்டார்.

“பழசு இருந்தா ஆகுமா?”

எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மாள் துவைத்த துணிக் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றார். விழுந்ததெல்லாம் மேலேதான் இருக்கிறது, அன்றைக்கு மணலோடு மணலாக வாரிப் போட்டுவிடுவார்களே என்று தான்தான் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனதாகவும், பூந்தொட்டி வைக்க வசதியாக இருந்ததாகவும் சொன்னார். பாத்துக்கலாமின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பல் டாக்டரே அவ்வளவு அகலத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

“முப்பது வருஷமா சொல்லவே இல்லையே நீ.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

கூட்டம் மாடிக்குக் கிளம்பியது. வக்கீல் லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் அவரை இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் வைத்துக்கொண்டது. கம்பிக் கதவுக்குள்ளிருந்து அவர் கூப்பிட, படியேறிப் போய்க்கொண்டிருந்த பாத்துக்கலாம் பழக்கதோஷத்தில் தன் சொல்லைச் சொன்னார். ஆனால் நிற்காமல் மேலே போய்விட்டார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் செய்யாமல் போனது அந்த ஒரு தரம்தான்.

தொட்டிகளை இறக்கி, மேடையின் முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார்கள். அடியில் உருண்டையான முகம், ஒரு கீறல் இல்லாமல். அடியில் பரப்பியிருந்த மண்ணுக்குள் முகம் புதைத்துக்கொண்டு முப்பது வருஷம் மழையும் வெயிலும் படாமல் சுகமாக இருந்திருக்கிறது. பேராசிரியை புடவை அழுக்காவதைப் பார்க்காமல் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் கழுவி வரிசையாக வைத்தார். இரண்டு நடுவில் உடைந்திருந்தன, ஆனால் உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. ஒன்பது. பொறியாளர் ஒன்றின் முதுகில் துளைத்துத் தூளைப் பார்த்தார். இடப்பக்கத்துத் தூளும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றார். பாத்துக்கலாம் தன் சுண்டுவிரலைப் பார்த்தார், கற்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பேராசிரியைக்குத்தான் சிரிப்பு வந்தது. ஆரம்பித்தால் நிற்கவில்லை. நாற்பது பக்கத்தையும் ஒரு தொட்டிச் செடி தின்றுவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. கப்பல் பட்டியலில் ஏறிவிட்டது, யாரும் தொட முடியாது. ஒரே ஒரு நிபந்தனை. பழைய ஒன்பது கதிர்களும் அவற்றின் இடத்தில் பதிக்கப்பட வேண்டும். அதற்கு முன் போலி எட்டும் அகற்றப்பட வேண்டும்.

போலி என்றுதான் எழுதியிருந்தது. அரசாங்கக் காகிதம், அதற்கு வேறு வார்த்தை தெரியாது. பதினாறு வீட்டிலும் இனிப்புக் கொடுத்தார்கள். பாத்துக்கலாம் வாங்கித் தின்றார், அதன் பிறகு அந்தத் தாளை இன்னொரு தரம் படித்தார். வீடு நின்றது, வேலை நின்றது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் மனசு வலித்தது.

இடிக்க இரண்டு ஆட்கள் சுத்தியலோடு வந்தார்கள். அவர்களை டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு அவரே ஏணியில் ஏறினார். சுத்தியலால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அவருக்கு ஒரு பகல் பூராவும் ஆயிற்று. உளியை அடியில் கொடுத்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து, கயிற்றில் கட்டி இறக்கினார். எட்டும் உடையவில்லை. கடைசிக் கதிருக்குப் பின்னால் சுவரில், இருபத்தைந்து வயதுக் கையெழுத்தில், பென்சிலில் 8 என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் 9 என்று எழுதி அடித்திருந்தது. அதை மட்டும் அவர் துடைக்கவில்லை. பழைய கதிர் மேலே வந்து மூடிக்கொண்டது.

பேராசிரியை வந்திருந்தார். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்த நாற்பது பக்கமும் இருக்காது, ஆனால் ஏணி பிடித்தவரின் முழுப்பெயரும் தொழிலும் இருக்கும் என்றார். கல்லூரியில் மாணவர்களுக்குக் காட்ட அந்த எட்டில் ஒன்றைத் தர முடியுமா என்றும் கேட்டார். பாத்துக்கலாமுக்குக் கொடுக்கத் தடையில்லை, கேட்கவே மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் மாடியம்மா முந்திக்கொண்டார். எட்டும் வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டு அத்தனையையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார். லிஃப்ட் அன்றைக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

சாயங்காலம் பாத்துக்கலாம் மாடிக்குப் போனபோது அறை வாசலில் வேலை முடிந்திருந்தது. ஒன்பது கல் கிடந்த இடத்தில் எட்டும் ஓரத்துக்கு ஓரம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. சுவரிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன. இந்த முறை முதுகு மண்ணுக்குள், உருண்டை முகம் வானத்தைப் பார்த்து. மாடியம்மா ஈரத்துணியால் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்படி வைத்தால் தொட்டி நிற்காதே, சாய்ந்துவிடுமே என்று இவர் கேட்டார்.

“தொட்டிக்கு வேற இடம் பாத்துக்கலாம்” என்றார் அந்த அம்மாள், நிமிராமலே.

மறுநாள் காலை பாத்துக்கலாம் அறையை விட்டு வெளியே வந்தார். நங்கென்று இடது கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டார். பழசைவிட அரை விரல் தடிமன், பழசைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் எதையும் திட்டவில்லை. விரலைத் தடவும் சாக்கில் அங்கேயே குனிந்து உட்கார்ந்து, எட்டையும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தார்.